ஜோடி பிரித்தவள் எழுதுவது

பிரபு, சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலை மேலே வைத்து இந்தத் தாள்களை விட்டுப் போகிறேன், ஃபேன் காற்றில் பறந்துவிடக் கூடாது. முதலில் கை கால் கழுவி உட்கார்ந்து சாப்பிடு, பிறகு படி என்றுதான் எழுத வந்தேன். வேண்டாம், படித்துவிட்டே சாப்பிடு. மணி ஒன்றாகப் போகிறது. உன் ஷிப்டு மூன்றரைக்கு முடியும், அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து மேனாம்பேடு வர இருபது நிமிஷம். அதற்குள் எழுதி முடித்துவிட்டுப் பூந்தமல்லிக்கு உன் சித்தி வீட்டுக்குப் பஸ் ஏற வேண்டும். இந்த நாலு வரிக்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன். ஒரு முறை அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க, ஒரு முறை வாசலில் யாரோ கூப்பிட்டது போல இருந்ததால், இன்னொரு முறை எதற்கென்றே தெரியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு எந்த அம்மாவாவது கடிதம் எழுதுவாளா என்று நீ கேட்பாய். நேற்று மாலையும் இன்று காலையும் நேரில் சொல்ல வாயைத் திறந்தேன். நீ தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய்.

பவித்ரா நாளைக் காலை ஓசூர் போகிறாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர் வேலை, தங்க அறையும் அவர்களே தருகிறார்கள். நேற்று அவள் வாயாலேயே கேட்டேன். அவள் அம்மா வீட்டுக்குப் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். அவளாகவே உன்னை வேண்டாம் என்று போனதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ அவளைத் தேடவே இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் இல்லை. உங்கள் இருவரையும் பிரித்தது நான். எழுதிவிட்டேன். இனி மற்றதைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

நம் வீட்டுப் புறாக்களிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும், வேறு வழி தெரியவில்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோதே உன் அப்பா பந்தயத்துக்கு விடும் ஹோமர் புறா வாங்கி வந்துவிட்டார். காலையில் தொழிற்சாலைக்குப் போனால் மாலையில்தான் வருவார். தீனி வைப்பது, எச்சம் சுரண்டுவது, ஜோடி போடுவது எல்லாம் நான். பந்தயக் கப்பில் அவர் பெயர் இருக்கும், ஆனால் பட்டாபிராம் வரைக்கும் புறா வளர்த்தவர்களுக்கு அது யார் கை என்று தெரியும். "அண்ணி, ஒரு வாரமா இதுங்க ரெண்டும் சேராம மண்டையக் கொத்திக்கினு கீது, நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். நடுவில் கம்பி வலை வைத்த பெட்டியில் இந்தப் பக்கம் ஆணும் அந்தப் பக்கம் பெட்டையுமாக விடுவேன். பார்த்துக்கொள்ளலாம், கொத்திக்கொள்ள முடியாது. ஆண் கழுத்தை உப்பிக்கொண்டு, வாலைத் தரையில் தேய்த்தபடி, குறுகுறுவென்று சுற்றிச் சுற்றி வரும். பெட்டை அதைக் கண்டுகொள்ளாமல் சிறகைக் கோதிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ லேசாகத் தலையை அசைக்கும். அதைப் பார்த்ததும் வலையை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் முந்தினால் ரத்தம் வரும். எந்த நாளில் எடுப்பது என்பது எனக்குத் தெரியும் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

உனக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அதே கண்ணோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஜாதகம், படிப்பு எல்லாம் சித்தி விசாரித்துக்கொண்டிருந்தாள். நீ காபி டம்ளரை வாங்கும்போது கை தவறிப் பேன்ட்டில் கொட்டிக்கொண்டாய். பவித்ராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் அம்மா முறைத்தார்கள். நீ கோபப்படுவாய் என்று பார்த்தேன், நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். "இது சேந்துரும்டி" என்று சித்தி காதில் சொன்னேன். ஆக, அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். இதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

உன் அப்பா போன பிறகு இந்த வீடு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். கீழே டிவி சத்தம், மாடியில் புறா சத்தம், அவ்வளவுதான். பவித்ரா வந்தாள். அவள் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பும், நடுவில் மூச்சு வாங்கும், அடங்கிவிட்டது என்று நினைத்தால் மறுபடி ஆரம்பிக்கும். முதல் இரண்டு மாதம் எனக்கு அது பிடித்திருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வடை சுட்டு எடுத்துக்கொண்டு மாடியேறினேன். படியிலேயே இரண்டு பேர் சிரிப்பும் கேட்டது. நான் கதவைத் தள்ளியதும் நின்றுவிட்டது. என்னடா என்றேன். "ஒண்ணும் இல்லம்மா" என்றாய். அந்த ஒண்ணும் இல்லை என்னைச் சுட்டுவிட்டது. என்னைப் பற்றித்தான் சிரித்திருப்பார்கள் என்று கீழே இறங்குவதற்குள் முடிவு கட்டிவிட்டேன். அப்படி இல்லாவிட்டாலும் என்ன, எனக்கு அதில் இடம் இல்லையே. இதற்குப் பெயர் பொறாமைதான், பிரபு. பெற்றவளுக்குப் பொறாமை வருமா என்றால் வரும், நன்றாகவே வரும்.

அடுத்த வாரம் அவளும் நானும் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். ஆண் புறா ஒன்று பெட்டையைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. "கொஞ்சங்கூட வெக்கமே இல்லாம ஆடுது பாருங்க அத்தை" என்று ஆரம்பித்தவள், அப்படியே வேறு மிருகங்களுக்குப் போய்விட்டாள். உயிரியல் படித்தவள் அல்லவா. "எலியக்கூட கிச்சுகிச்சு மூட்டினா சிரிக்கும், தெரியுமா அத்தை? ரொம்ப மெல்லிசான சத்தம், நம்ம காதுக்கு எட்டாது. கைய எடுத்துட்டா, மறுபடி மூட்டுன்னு கை பின்னாலயே ஓடி வருமாம்." சொல்லிவிட்டு எலி மாதிரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் இருந்தார்கள். நான் புடவையை உதறிக் கொடியில் போட்டபடி, "எலி சிரிச்சா தெருவுக்குக் கேக்காதும்மா. நீ சிரிச்சா கோயில் வரிக்கும் கேக்குது" என்றேன். பேச்சு என்னவோ எனக்குச் சாமர்த்தியமாகத்தான் வரும். அவள் கிளிப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு கீழே நான் இருந்தால் அவள் சத்தமாகச் சிரித்ததே இல்லை. வாயில் துப்பட்டாவை வைத்துக்கொள்வாள், பிறகு அதுவும் இல்லை. வீட்டுக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது, எழுந்து போய் வாங்கி வைத்துவிட்டு வந்தேன். எங்கே விட்டேன்? ஆமாம், எலி வரைக்கும் சொன்னேன், அடுத்தது நாய். நம் தெருமுனையில் இரண்டு நாய்கள் புரளுமே, அதைப் பார்த்து அவள் இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். விளையாடக் கூப்பிடும் நாய் முன்னங்காலைத் தாழ்த்திக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும், வாயைத் திறந்து ஹக் ஹக்கென்று மூச்சு விடும். "நான் கடிக்கப் போறேன், ஆனா இது சண்டை இல்லன்னு அது சொல்லுது அத்தை. குரங்கும் அப்படித்தான், மூச்சாலயே சிரிக்கும். அதச் சொல்லாம கடிச்சிட்டா, அந்தப் பக்கம் இருக்கறது நெஜமாவே கடிச்சிடும்." காதில் வாங்கினேன், மண்டையில் ஏறவில்லை. உப்புமா சண்டை நடந்த பிறகுதான் ஏறியது. நீ கிண்டிய உப்புமாவை அவள் எத்தனை முறை கேலி செய்திருக்கிறாள்? இதை வைத்துச் சுவரே பூசலாம் என்பாள், விழுந்து விழுந்து சிரிப்பாள், நீயும் சிரித்துக்கொண்டே தின்பாய். அன்றைக்கும் அதே பேச்சைத்தான் பேசினாள். ஹாலில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அதனால் சிரிக்காமல் பேசினாள். சிரிப்பு இல்லாமல் கேட்டதும் அது உனக்குக் குத்தலாகப் பட்டது. "அப்போ உங்க ஊட்டுக்குப் போயி பூசு" என்று தட்டைத் தொட்டியில் வீசிவிட்டு வேலைக்குப் போனாய். பேப்பருக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

இனிதான் நான் செய்தது. பந்தயம் விடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜோடியாக இருக்கும் புறாக்களைப் பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னால் பிரித்துவிடுவோம். ஆண் ஒரு கூண்டில், பெட்டை அதன் கண்ணில் படாத இன்னொரு கூண்டில். கூடையில் ஏற்றும் அன்று மட்டும் ஐந்து நிமிஷம் காட்டிவிட்டு ஆணைப் பிடித்துக்கொண்டு போய்விடுவோம். பிறகு அதை எந்த ஊரில் திறந்துவிட்டாலும் வழியில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வீடு வந்து விழும். மூன்று கப் நான் இப்படி வாங்கியிருக்கிறேன். நீ தட்டை வீசிவிட்டுப் போன அன்று எனக்கு அந்த யோசனைதான் வந்தது. "பத்து நாளு உங்கம்மா ஊட்ல இருந்துட்டு வாம்மா" என்று பவித்ராவிடம் சொன்னேன். "அவன் கோவத்துல கீறான், நீ போன் கீன் பண்ணாத. எதுன்னாலும் எனக்குப் பண்ணு. அவனே தேடிக்கினு வருவான் பாரு." அவள் அரை மனசாகப் பையை எடுத்தாள். மாலையில் நீ வந்ததும் உன்னிடம், "கொஞ்ச நாளு தனியா இருக்கணுமாம், யாரும் போன் பண்ண வாணாம்னு சொல்லிட்டுப் போச்சு" என்றேன். நீ மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். நல்ல வேலை செய்துவிட்டேன் என்று நினைத்து அன்று நான் திருப்தியாகச் சாப்பிட்டேன்.

தினமும் ஷிப்டு முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே என்னைக் கேட்பாய். "பவி போன் பண்ணுச்சா? சாப்புட்டுச்சாமா?" நான் இல்லை என்பேன். அவள் நாலாம் நாள் கூப்பிட்டாள், ஒன்பதாம் நாளும் கூப்பிட்டாள். இரண்டு முறையும் ஒரே கேள்விதான். "அவரு என்னக் கேட்டாரா அத்தை?" நான் கேட்கவில்லையே என்றேன். இன்னும் கொஞ்சம் ஏங்கட்டும், ஏங்கினால்தான் ஓடி வருவார்கள் என்று நினைத்தேன். பத்து நாள் முடிந்தது. நீ போகவில்லை, அவள் வரவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று விட்டேன். பிறகு ஒரு நாள் நீ செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்றும் கேட்காமல் மாடிக்குப் போனாய். அவளும் எனக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பொய் சொன்னேன் என்று பிள்ளையிடமும் மருமகளிடமும் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அதிலேயே ஒரு மாதம் போய்விட்டது.

அந்த மாதம் முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்தது வெள்ளச்சி என்று ஒரு பெட்டைப் புறாவை. உனக்கு ஞாபகம் இருக்காது, அப்போது நீ ஒன்றாம் வகுப்பு. பத்து நாள் என்று பிரித்து வைத்தேன், மழையால் பந்தயம் தள்ளித் தள்ளிப் போய் ஐந்து வாரம் ஆகிவிட்டது. நெல்லூரில் திறந்துவிட்டார்கள், வெள்ளச்சியின் ஆண்தான் முதலில் வந்து இறங்கியது. உன் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு சேதி சொல்ல ஓடினார். நான் வெள்ளச்சியின் கூண்டைத் திறந்தேன். ஆண் கழுத்தை உப்பிக்கொண்டு ஓடியது. அவள் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனதும் கண்ணுக்கு மேலேயே கொத்தினாள், ரத்தம் வந்தது. மறுபடி வலைப் பெட்டியில் வைத்தேன், தீனியை மாற்றினேன், என்னென்னவோ செய்து பார்த்தேன். அந்த ஜோடி சேரவே இல்லை. ஓடிவருகிற ஆணைத்தான் நாங்கள் எல்லாரும் பார்ப்போம், அதற்குத்தான் கப். தனிக் கூண்டில் உட்கார்ந்திருந்த பெட்டைக்கு அந்த நாளெல்லாம் எப்படிப் போயிருக்கும் என்று நானும் பெண்பிள்ளைதானே, ஒரு நாள்கூட நினைத்ததில்லை.

நேற்று நீ வேலைக்குப் போனதும் அம்பத்தூரில் ரயில் ஏறினேன். பவித்ராவைப் பார்க்கத் திருநின்றவூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே நெமிலிச்சேரியில் இறங்கிவிட்டேன். பயம்தான், வேறென்ன. பெஞ்சில் உட்கார்ந்து என்ன சொல்வதென்று யோசித்தேன். அடுத்த ரயில் வந்தது, அதையும் விட்டேன். அதற்கடுத்ததில் ஏறினேன். பவித்ரா கதவைத் திறந்தாள். கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது, புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா டீ போட உள்ளே போனார்கள். நான் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எலி பேச்சிலிருந்து போன் பேச்சு வரைக்கும் ஒன்றையும் விடவில்லை.

அவள் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "தினமும் கேட்டாரா?" என்றாள். கேட்டான் என்றேன். "என்னன்னு கேட்டாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க." சொன்னேன். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் தோளைத் தொடப் போனேன், தள்ளி உட்கார்ந்தாள். அழுது முடித்த பிறகு அவளுக்குக் கோபம் வந்தது, எனக்கு அதுதான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. "உங்ககிட்ட கேட்ட வாய் எங்கிட்ட கேக்காதா அத்தை? நாப்பது நாளு. இருவத்தஞ்சு நிமிஷ ரயிலு." நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாயங்காலமே அவனை அனுப்புகிறேன், நீ பெட்டியை எடுத்து உள்ளே வை என்றேன். அதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். "நடந்தத அவருகிட்ட சொல்லுங்க, அது நீங்க சொல்லியே ஆகணும். போய்க் கூட்டிட்டு வான்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்க சொல்லி அவரு வந்தாருன்னா நான் கதவத் தொறக்க மாட்டேன். போன்னு சொன்னதும் நீங்க, வான்னு சொல்றதும் நீங்கன்னா, நான் அப்புறம் யாரோட குடும்பம் நடத்துறது?" நாளைக் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறாளாம். நான் டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

பிரபு, எல்லாப் பழியையும் நானே சுமந்துகொண்டு உன்னை உத்தமனாக்கிவிடப் போவதில்லை. உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. முப்பத்தொரு வயசு ஆண்பிள்ளை, பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று அம்மாவைக் கேட்கலாமா? போன் பண்ண வேண்டாம் என்று நான் சொன்னால், ஏன் என்று கேட்க மாட்டாயா? சின்ன வயதிலிருந்து நீ அப்படித்தான், சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை என்று நானும் ஊரெல்லாம் பெருமை பேசினேன். ஜோடி சேர்ந்து நாலு வருஷம் ஆன ஆண் புறாகூடத் தீனி தின்றுவிட்டு வந்ததும் பெட்டைக்கு முன்னால் ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் உட்காரும். முட்டையில் அது பகலெல்லாம் உட்காரும், பெட்டை சாயங்காலம் வந்து மாறிக்கொள்ளும். யாரும் அதற்குச் சொல்லித்தருவதில்லை. கல்யாணம் ஆகிவிட்டது, இனி என்ன என்று நீ விட்டுவிட்டாய். அவள் சிரிப்பு குறைந்தது எனக்குத் தெரிந்ததே, உனக்கு ஏன் தெரியவில்லை? ஒரு நாளாவது, ஏன் பவி சிரிக்க மாட்டேன் என்கிறாய் என்று கேட்டிருந்தால், அவள் என் பேரைச் சொல்லியிருப்பாள், நீ என்னோடு சண்டை போட்டிருப்பாய், எல்லாம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். நீ என்னோடு ஒரு முறைகூடச் சண்டை போட்டதில்லை. அதை வரம் என்று நினைத்திருந்தேன்.

மணி மூன்றாகிவிட்டது. சாதம் ஹாட்பாக்ஸில் இருக்கிறது, புறாவுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டேன். என் போனை அணைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இதைப் படித்ததும் நீ எனக்குத்தான் முதலில் கூப்பிடுவாய், இப்போது நான் என்னம்மா செய்யட்டும் என்பாய். நான் சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். சித்திக்கும் கூப்பிடாதே, உன்னிடம் பேசக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். எனக்குக் கோபமாக நாலு வார்த்தை எழுதி வைக்க வேண்டும் என்றால் எழுதி வை, திங்கட்கிழமை வந்து படிக்கிறேன். கடைசியாக ஒன்று. இந்த இடத்துக்குக் கீழே ஒரு வரி எழுதி, பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்திருக்கிறேன். அதை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதே. நாற்பத்தொரு நாள் நான் சொன்னபடி நீ இருந்தது போதும்.